எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

போலந்து என்றால் நம் சிறு பத்திரிகை வாசகனுக்குக் கவிஞர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள். ஹெர்பர்ட், ருஷேவிச், மிவோஷ், ஷிம்போர்ஸ்கா. ஆங்கிலம் வழியாகத்தான் இவர்கள் நமக்குக் கிடைத்தார்கள். நானும் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே போனேன். போலிஷ் மொழி தெரியாதவன் அந்த மொழியின் வாக்கியங்களைப் பற்றி எழுதுவதில் உள்ள அபத்தம் எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் எழுதுகிறேன். நான் சொல்ல வருவது மொழியின் நயத்தைப் பற்றி அல்ல, ஒரு வாக்கியத்தில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைப் பற்றி. அந்த அளவுக்கு விஷயம் மொழிபெயர்ப்பிலும் தங்கிவிடுகிறது.

1974-இல் ஆதாம் ஸகயெவ்ஸ்கி, யூலியன் கோர்ன்ஹவுஸர் என்ற இரண்டு இளம் கவிஞர்கள் க்ராக்கோவிலிருந்து ஒரு விமர்சன நூல் வெளியிட்டார்கள். தலைப்பைத் தமிழில் 'சித்திரிக்கப்படாத உலகம்' எனலாம். அவர்கள் புகார் எளிமையானது. நம் எழுத்தாளர்கள் புராணம் எழுதுகிறார்கள், சரித்திரம் எழுதுகிறார்கள், உருவகக் கதை எழுதுகிறார்கள். இன்று, இங்கே, நம்மைச் சுற்றி நடந்துகொண்டிருக்கும் வாழ்க்கைக்கு மட்டும் எழுத்தில் இடமில்லை. எழுதப்படாத வாழ்க்கை தன்னைப் பற்றிய பிரக்ஞை இல்லாமலே கிடக்கிறது. நூல் பெரிய சர்ச்சையைக் கிளப்பிற்று. ஆனால் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அது தணிக்கை அலுவலகத்தைத் தாண்டி, சர்க்கார் அனுமதியுடன் அச்சான நூல். ஆகவே 'சித்திரிக்கப்படவில்லை' என்று சொல்ல முடிந்ததே தவிர, சித்திரிக்க விடாமல் செய்தது யார் என்று அதில் சொல்ல முடியவில்லை. புகார் முழுவதும் எழுத்தாளன் தலையில் விழுந்தது. தலைப்பிலேயே செயப்பாட்டு வினை, எழுவாய் இல்லை.

இந்தப் புகாருக்குப் பதில் இரண்டே வருஷத்தில் வந்தது, யாரும் இலக்கியம் என்று எதிர்பார்க்காத ஒரு திசையிலிருந்து.

1976 ஜூன் 24-ஆம் தேதி பிரதமர் யாரோஷெவிச் உணவுப் பண்டங்களின் விலையேற்றத்தை அறிவித்தார். மறுநாள் ராதோம், உர்ஸுஸ், ப்வோட்ஸ்க் ஆகிய இடங்களில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தித் தெருவுக்கு வந்தார்கள். உர்ஸுஸ் வார்ஸா பக்கத்திலுள்ள டிராக்டர் தொழிற்சாலை. ராதோம் அதற்குத் தெற்கே உள்ள ஊர். அங்கே கட்சி அலுவலகம் கொளுத்தப்பட்டது. விலையேற்றம் உடனே வாபஸாயிற்று. ஆனால் பிடிபட்டவர்களைப் போலீஸ் விடவில்லை. இரண்டு வரிசையாகத் தடியுடன் போலீஸ்காரர்கள் நிற்க, நடுவே கைதியை ஓடவிட்டு இருபுறமும் அடிப்பது ஒரு முறை. இதற்குப் 'ஆரோக்கியப் பாதை' என்று பெயர். பூங்காக்களில் உடற்பயிற்சிக்காகப் போடும் நடைபாதைக்கு அங்கே வழங்கும் பெயர் இது. பத்திரிகைகளிலோ ராதோம்காரர்களுக்குக் 'கலகக்காரப் போக்கிரிகள்' என்பதற்கு நெருக்கமான பழைய வசைச்சொல் ஒன்று வழங்கப்பட்டது. அடித்த செய்தி எங்கும் இல்லை. இப்படியாக ஒரே வாரத்தில் இரண்டு வார்த்தைகள் தம் அர்த்தத்தை இழந்தன. மொழி கெட்டுப்போவதை நாம் எப்போதும் சினிமாப் பாட்டிலும் மேடைப் பேச்சிலும்தான் தேடுகிறோம். லாக்கப்பில் அது கெடுகிற வேகம் வேறு.

ஜூலையில் உர்ஸுஸ் தொழிலாளர்களின் வழக்கு வார்ஸா கோர்ட்டில் நடந்தபோது சில இளைஞர்கள் அங்கே போய், வாசலில் நின்ற மனைவிமார்களிடம் பேசினார்கள். பணம், வக்கீல், வைத்தியர் என்று உதவி ஆரம்பமாயிற்று. செப்டம்பர் 23-ஆம் தேதி 'தொழிலாளர் பாதுகாப்புக் குழு' ஏற்பட்டது. அதன் முதலெழுத்துகளைச் சேர்த்துக் 'கோர்' என்றார்கள். கையெழுத்திட்டவர்களில் யாட்ஸெக் குரோன் இருந்தார். எண்பது வயதைத் தாண்டிவிட்ட பொருளாதார அறிஞர் எட்வர்ட் லிபின்ஸ்கி இருந்தார். 'சாம்பலும் வைரமும்' எழுதிய நாவலாசிரியர் அந்த்ஷெயெவ்ஸ்கி, இலக்கிய ஆய்வாளர் யான் யூசெஃப் லிப்ஸ்கி, கவிஞர் ஸ்தானிஸ்வாஃப் பரான்ச்சாக் இருந்தார்கள். பெயரோடு முகவரியும், டெலிபோன் உள்ளவர்கள் அதன் எண்ணும் கொடுத்தார்கள். ரகசிய இயக்கம் அல்ல, இன்ன வீட்டில் இருக்கிறேன், வந்து பிடித்துக்கொள் என்ற பகிரங்கம்.

இந்தக் குழுவின் பிரதான ஆயுதம் ஓர் அறிக்கை. அதையடுத்து ஒரு செய்தித்தாள். மெல்லிய தாளில் கார்பன் வைத்துத் தட்டச்சு செய்த பிரதிகளாக ஆரம்பித்தது. அதற்கு 'தகவல் ஏடு' என்று யுத்தகாலத் தலைமறைவு ஏடு ஒன்றின் பெயரையே வைத்தார்கள். அதன் நடையைப் பற்றித்தான் பேச வேண்டும். இன்னார், இந்த ஊர், இந்தத் தொழிற்சாலை, இந்தத் தேதியில் கைது, இந்த ஸ்டேஷனில் அடித்தார்கள், காது கேட்கவில்லை, வேலை போயிற்று, வீட்டில் இத்தனை குழந்தைகள், இவ்வளவு பணம் கொடுத்தோம். அடித்தவன் பெயர் தெரிந்தால் அதுவும். ஆத்திரம் இல்லை, 'கொடூரமான', 'மிருகத்தனமான' போன்ற ஜோடனை இல்லை. இது ஏதோ கலைக் கொள்கையின் விளைவு என்று நினைத்தால் தவறு. ஒரு தேதி தவறினால் பொய்த் தகவல் பரப்பியதாக வழக்கு வரும். ஒரு பெயர் தவறினால் வேறு யாரோ ஒருவன் வேலை போகும். பயத்திலும் பொறுப்பிலும் பிறந்த நடை அது. தணிக்கைக்கு உட்பட்ட பத்திரிகை 'ஒழுங்கு நிலைநாட்டப்பட்டது', 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று எழுதும்போது, இந்தத் தட்டச்சுத் தாள் அந்த வாக்கியத்துக்கு ஓர் எழுவாயைத் தேடிக்கொண்டு ஊர் ஊராகப் போயிற்று. நிலைநாட்டியது யார்? எடுத்தது யார்?

(நமக்கும் இந்த இலக்கணம் பரிச்சயமானதுதான். தெருவில் நிற்பவன் 'போலீஸ்காரன் அடிச்சான்' என்கிறான். மறுநாள் பத்திரிகையில் அது 'தடியடி நடத்தப்பட்டது' என்று வருகிறது. பேச்சுத் தமிழில் கிட்டத்தட்ட இல்லாத செயப்பாட்டு வினை, நம் செய்தித் தமிழில் மட்டும் இவ்வளவு செழித்து வளர்ந்தது எப்படி என்று மொழியியல்காரர்கள் யாராவது ஆராயலாம்.)

கவிஞர் பரான்ச்சாக் இதற்கு முன்பே பத்திரிகை மொழியைத் தன் கவிதைக்குள் இழுத்து வந்து அதன் முகமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தவர். விண்ணப்பப் படிவத்தின் மொழி, தலையங்கத்தின் மொழி, கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் மொழி ஆகியவற்றைப் பிரதியெடுப்பது போல எழுதி, பிரதியெடுப்பிலேயே அவற்றைக் கேலிக்குள்ளாக்குவது அவர் தலைமுறையின் உத்தி. 1968-இல் மாணவர்களாக இருந்தபோது பத்திரிகைகள் தம்மைப் பற்றி எழுதிய பொய்யை வாசித்து வளர்ந்தவர்கள் அவர்கள். எனக்கு இந்தக் கவிதைகள் பிடிக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பொய் மொழியை எவ்வளவு சாமர்த்தியமாகக் கேலி செய்தாலும், கேலி அந்தப் பொய் மொழியை நம்பித்தான் பிழைக்கிறது. அது இல்லையென்றால் இதற்கு வேலை இல்லை. கோர் அறிக்கை பொய் மொழியின் பக்கமே திரும்பவில்லை. அது பாட்டுக்கு ராதோமில் ஒருவனுடைய உடைந்த பல்லை எண்ணிக்கொண்டிருந்தது. சித்திரிக்கப்படாத உலகத்தைச் சித்திரிக்க வேண்டும் என்று கவிஞர்கள் கேட்ட வாக்கியம் இதுதான் என்பது என் அபிப்பிராயம். நாவலாசிரியரும் கவிஞரும் அந்தத் தாளில் கையெழுத்துத்தான் போட்டார்கள். அதை எழுதியது ரயிலில் போய் வீட்டுக் கதவைத் தட்டி, அழுகிறவளிடம் தேதி கேட்டுக் குறித்துக்கொண்டு வந்த பையன்களும் பெண்களும்.

1977 ஜனவரியில் எழுத்தாளர்கள் தங்களுக்கென்று தணிக்கையில்லாத ஒரு காலாண்டிதழ் தொடங்கினார்கள். பெயர் 'ஸாபிஸ்'. 'பதிவு' என்பது நேர்ப் பொருள். தணிக்கை அலுவலகத்தின் குழூஉக்குறியிலோ, குறிப்பிட்ட எழுத்தாளன் பெயர் எங்கும் வரக்கூடாது என்று ஏட்டில் எழுதிவைக்கும் தடைக்கும் அதே பெயர். அந்த ஏடுகள் எப்படி இருக்கும் என்று உலகத்துக்கு அதே வருஷம் தெரிந்தது. க்ராக்கோ தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்த்த தோமாஷ் ஸ்ட்ஷிஷெவ்ஸ்கி அவற்றை ஸ்வீடனுக்குக் கடத்திக்கொண்டு போனார், லண்டனில் அச்சாயின. சோவியத் யூனியனுக்கு இறைச்சி ஏற்றுமதியாவதைப் பற்றி எழுதக்கூடாது, தொழிற்சாலையிலும் விவசாயத்திலும் பயன்படும் ரசாயனங்களால் உடல்நலம் கெடுவதைப் பற்றி எழுதக்கூடாது என்று வரிசையாகக் கட்டளைகள். படிக்கும்போது ஒன்று புலப்படுகிறது. தணிக்கைக்காரன் அஞ்சியது தத்துவத்துக்கு அல்ல. இறைச்சிக்கு அஞ்சினான். ஊர்ச் செய்திக்கு அஞ்சினான்.

பாதுகாப்புக் குழு பத்திரிகையாக மாறியது இந்த இடத்தில்தான். 1977 செப்டம்பரில் 'ரோபோட்னிக்' வந்தது. 'தொழிலாளி' என்று அர்த்தம். யான் லித்தின்ஸ்கி, ஹெலெனா வுச்சிவோ, அவர் கணவர் விட்டோல்ட் வுச்சிவோ, ஹென்ரிக் வூயெட்ஸ் முதலியோர் அதை நடத்தினார்கள். பின்னால் பத்திரிகையாளராகப் பெயர் பெற்ற யோவான்னா ஷ்ச்சென்ஸ்னாவும் இந்த வட்டத்தில் உருவானவர்தாம். பத்தொன்பது இருபது வயதில் ஒரு தலைமறைவுக் குழுவில் இருந்து சிறை சென்றவர். விட்டோல்ட் எஞ்ஜினியர். துணி அச்சிடும் பட்டுத்திரை முறையைக் கொஞ்சம் மாற்றி, துவைக்கும் பசையை மையோடு கலந்து, வீட்டு மேஜையிலேயே ஆயிரக்கணக்கில் அச்சிட வழி செய்தார். இதில் சுவாரசியமான விஷயம் அச்சு முறை அல்ல, உள்ளே வந்தது என்ன என்பது. அறிக்கையில் தொழிலாளி 'பாதிக்கப்பட்டவன்'. அவனுக்கு ஒரு தேதிதான் உண்டு, அடிபட்ட தேதி. அதற்கு முன்னும் பின்னும் அவன் இல்லை. 'ரோபோட்னிக்'கில் அவன் எழுத ஆரம்பித்தான். எங்கள் ஆலையில் பாதுகாப்புக் கவசம் இல்லை, நாலு வாரமாக ஞாயிற்றுக்கிழமையும் வேலை, சம்பளக் கணக்கில் இப்படி வெட்டுகிறார்கள், காண்டீனில் இதுதான் சாப்பாடு. யார் வந்து காப்பாற்றுவார் என்ற கேள்வி பின்னால் போய், நம் ஊரில் என்ன நடக்கிறது என்ற கேள்வி முன்னால் வந்தது. வழக்குக் கட்டில் கிடந்த மனிதன் எழுந்து நின்று ஊர்க்காரன் ஆனான் என்று இதைச் சொல்லலாம்.

இந்த மாற்றம் எவ்வளவு முக்கியமானது என்பதை 1980 கோடைகாலம் காட்டிற்று. ஜூலையில் ஊருக்கு ஊர் வேலைநிறுத்தம். சர்க்கார் பத்திரிகையில் ஒரு வரி இல்லை. வார்ஸாவில் குரோன் வீட்டு டெலிபோன்தான் செய்தி ஸ்தாபனம். ஆலைகளிலிருந்து கூப்பிட்டுச் சொல்வார்கள். ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்த மாணவி ஏவா கூலிக் அதை வெளிநாட்டு நிருபர்களுக்குச் சொல்வார். அது வானொலி வழியாக மறுபடி போலந்துக்குள் வரும். பக்கத்து ஊர் ஆலை அதைக் கேட்டு நிற்கும். மனித உரிமைக் குழு என்று ஆரம்பித்த ஒன்று, நான்கு வருஷத்தில், ஒரு தேசத்தின் உள்ளூர்ச் செய்தியைச் சேகரிக்கும் ஒரே இடமாக ஆகிவிட்டது. ஆகஸ்ட் 31-இல் க்டான்ஸ்க் ஒப்பந்தம், பிறகு சாலிடாரிட்டி என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1981 செப்டம்பரில் சாலிடாரிட்டி மாநாட்டு மேடையில் முதியவர் லிபின்ஸ்கி ஏறி, கோர் கலைக்கப்படுகிறது என்று அறிவித்தார். தன் வேலை முடிந்தது என்று தானே கலைந்துகொள்ளும் அமைப்புகள் அதிகம் இல்லை. நமக்குத் தெரிந்த வரலாற்றில் இலக்கியச் சங்கங்கள்கூட அப்படிச் செய்ததில்லை.

1981 டிசம்பர் 13-இல் ராணுவச் சட்டம் வந்தது. தலைவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 1982 பிப்ரவரி 11-இல் தலைமறைவாக 'மஸோவ்ஷெ வார ஏடு' வந்தது. மஸோவ்ஷெ என்பது வார்ஸாவைச் சுற்றியுள்ள பிரதேசத்தின் பெயர். ஊர்ப் பெயர் தாங்கிய இந்த ஏடு ஹெலெனா வுச்சிவோ, ஷ்ச்சென்ஸ்னா, அன்னா பிகோன்ட், அன்னா டோட்ஸியுக் போன்ற பெண்களால் நடத்தப்பட்டது. போலீஸ் ஆண்களைத் தேடிக்கொண்டிருந்ததால் இவர்கள் கண்ணில் படவில்லை. பல்லாயிரம் பிரதிகள், 1989 வரை ஏழு வருஷம், வாரம் தவறினாலும் இதழ் நிற்கவில்லை. இதைச் சாகசமாகச் சொல்பவர்கள் பலர் இருக்கிறார்கள், நான் வேண்டாம். நான் கேட்க விரும்புவது, அது நல்ல பத்திரிகையா என்பது.

பாதிதான் என்று சொல்வேன். சிறையிலிருந்து குரோன் எழுதி அனுப்பிய கட்டுரையையும் அதற்குத் தலைமறைவுத் தலைவர் ஸ்பிக்னியெவ் புயாக் எழுதிய மறுப்பையும் 1982 வசந்தத்திலேயே அது வெளியிட்டது. தன் பக்கத்துக்குள் இருக்கும் கருத்து பேதத்தை அச்சில் போடுகிற தைரியம் அதற்கு இருந்தது. ஆனால் அது ஓர் இயக்கத்தின் குரலும்கூட. தலைமையின் அறிக்கைகள் முன்பக்கத்தில் வரும். எதை எழுதினால் யார் பிடிபடுவார், எதை எழுதினால் எதிரிக்கு லாபம் என்ற கணக்கு ஒவ்வொரு வரிக்கும் உண்டு. மௌனம் அங்கே கௌரவமான குணம். 'தகவல் ஏடு' எதையும் மறைக்காமல் முகவரியோடு எழுதிற்று. இந்த ஏடு மறைத்துக்கொள்வதில்தான் உயிர் வாழ்ந்தது. குறை சொல்லவில்லை. ராணுவச் சட்டத்தின் கீழ் வேறு எப்படி இருக்க முடியும்? ஆனால் பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. நியாயமான காரணத்துக்காகப் பழகிக்கொண்ட மௌனம், காரணம் போன பிறகும் உடனே போய்விடாது.

1989 மே 8-ஆம் தேதி இந்தப் பெண்களும், சிறையிலிருந்து வந்த ஆதாம் மிக்னிக்கும் சேர்ந்து 'கஸெட்டா விபோர்ச்சா' தொடங்கினார்கள். 'தேர்தல் பத்திரிகை' என்று பெயர். ஜூன் 4-இல் தேர்தல். வார்ஸாவில் ஒரு பழைய குழந்தைகள் காப்பகம்தான் அலுவலகம். முதல் இதழ் எட்டுப் பக்கம், ஒன்றரை லட்சம் பிரதி. பிறகு நகரத்துக்கு நகரம் உள்ளூர்ப் பதிப்புகள் வந்தன. அதே காலத்தில் சின்ன ஊர்களில் தேர்தலுக்காக ஏற்பட்ட குடிமக்கள் குழுக்களிலிருந்து எத்தனையோ உள்ளூர்த் தாள்கள் முளைத்தன. நேற்றுவரை துண்டுப் பிரசுரம் ஒட்டியவர் இன்று நகராட்சிக் கூட்டத்தில் குறிப்பெடுத்தார். 1990 இலையுதிர் காலத்தில் முதல் சோதனை வந்தது. வலேசாவை விமர்சித்து எழுதியதால், பத்திரிகையின் தலைப்பில் இருந்த சாலிடாரிட்டி சின்னத்தை எடுத்துவிடும்படி சங்கம் உத்தரவிட்டது. எடுத்தார்கள். சின்னம் போன தினத்தில்தான் அது பத்திரிகையாயிற்று என்று எழுதலாம், அழகாகவும் இருக்கும். வாஸ்தவம் அவ்வளவு அழகாக இல்லை. 2002 ஜூலையில் லெவ் ரிவின் என்ற சினிமாத் தயாரிப்பாளர் மிக்னிக்கிடம் வந்து, ஊடகச் சட்டத்தைச் சாதகமாக மாற்றித் தருவதாகச் சொல்லிப் பதினேழரை மில்லியன் டாலர் லஞ்சம் கேட்டார். மிக்னிக் பேச்சைப் பதிவு செய்துகொண்டார். செய்தி வெளியானது டிசம்பர் 27-இல். ஐந்து மாசத்துக்கு மேல். தாமதத்துக்குச் சொன்ன காரணங்களில், போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும் பேச்சுவார்த்தை கெட்டுவிடக் கூடாது என்பதும் ஒன்று. மஸோவ்ஷெ ஏட்டின் மௌனத்தை நியாயப்படுத்திய அதே கணக்கு! தேசத்துக்கு நல்லது எது என்று யோசிக்கிற போராளி, தெரிந்ததை எழுத வேண்டிய நிருபனின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

அப்படியானால் இந்த மாற்றம் முழுமையாக எங்காவது நடந்ததா? நடந்தது. எனக்குத் தெரிந்து ஒரு புத்தகத்தில். அதற்கு வழி போட்டுக் கொடுத்தது பழைய கோர்க்காரர் ஒருவரின் கட்டுரை. 1981-இல், சாலிடாரிட்டியின் உச்சத்தில், நாடு முழுவதும் தேசிய கீதம் பாடிக்கொண்டிருந்தபோது, லிப்ஸ்கி 'இரண்டு தாயகங்கள், இரண்டு தேசபக்திகள்' என்று எழுதினார். போலந்துக்காரர்களின் தற்பெருமையையும் அந்நிய வெறுப்பையும் பற்றிய கட்டுரை. ஜெர்மானியரை யுத்தத்துக்குப் பின் விரட்டியது பற்றி, யூதர்களைப் பற்றி, உக்ரேனியர்களைப் பற்றிச் சங்கடமான விஷயங்களை அது பேசிற்று. அதுவரை கோரின் வாக்கியத்தில் எழுவாய் எப்போதும் சர்க்கார். செயப்படுபொருள் எப்போதும் நாம். லிப்ஸ்கி அந்த எழுவாயின் இடத்தில் 'நாம்' என்று போட்டுப் பார்த்தார். அவரே எழுதிய கோரின் வரலாறும் எனக்கு இதே காரணத்துக்காகத்தான் பிடிக்கிறது; தன் தோழர்களின் சண்டைகளைக்கூட அவர் மூடி மறைக்கவில்லை.

யெட்வாப்னெ வடகிழக்குப் போலந்தில் ஒரு சிற்றூர். 1941 ஜூலை 10-ஆம் தேதி அங்கே இருந்த யூதர்களைச் சந்தை மைதானத்தில் திரட்டி, அடித்து, ஒரு களஞ்சியத்துக்குள் அடைத்து உயிரோடு கொளுத்தினார்கள். ஜெர்மன் படை அப்போதுதான் அந்தப் பகுதிக்குள் வந்திருந்தது. செய்தது ஜெர்மானியர் என்றே ஊரில் கல்வெட்டு சொல்லிற்று. 1949-இல் வாம்ஷா நகரக் கோர்ட்டில் உள்ளூர்க்காரர்கள் இருபத்திரண்டு பேர்மீது வழக்கு நடந்து பன்னிரண்டு பேருக்குத் தண்டனையும் ஆகியிருந்தது என்பது காகிதத்தில் கிடந்தது. 2000-இல் யான் தோமாஷ் க்ராஸ் 'அண்டை வீட்டார்' என்ற சிறு நூலில் அதை எடுத்து எழுதினார். போலந்தே கலங்கிற்று. (க்ராஸும் 1968-இல் மாணவர் கிளர்ச்சியில் சிறை சென்றவர்தான்.) சரித்திரக்காரர்கள் ஆவணங்களை வைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, மஸோவ்ஷெ ஏட்டில் இருந்த அன்னா பிகோன்ட் அந்த ஊருக்கே போனார். திரும்பத் திரும்பப் போனார். 2004-இல் 'யெட்வாப்னெக்காரர்கள் நாங்கள்' என்ற பெரிய நூல் வந்தது.

அதன் அமைப்பைக் கவனியுங்கள். ஓர் அத்தியாயம் நாட்குறிப்பு. இன்று யார் வீட்டுக்குப் போனேன், யார் கதவைச் சாத்தினார், யார் டெலிபோனில் திட்டினார். அடுத்த அத்தியாயம் அறிக்கை; ஒரு குடும்பம், ஒரு விஷயம், முழுக்க விசாரித்தது. நாட்குறிப்பில் பிகோன்ட் தன்னை மறைத்துக்கொள்ளவில்லை. வளர்ந்த பிறகுதான் தாய் வழியில் தான் யூதர் என்று அறிந்தவர் அவர். அதுவும் அதில் இருக்கிறது. அறிக்கைப் பகுதியில் பழைய 'தகவல் ஏட்டின்' நடை அப்படியே இருக்கிறது. பெயர், தெரு, தேதி, யார் கண்டார், யார் சொன்னார், சொன்னது முன்பு சொன்னதோடு ஒத்துப்போகிறதா. எல்லாம் ராதோமுக்குப் போன பையன்கள் செய்ததுதான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. ராதோமில் கதவைத் தட்டியபோது உள்ளே இருந்தவள் அழுதுகொண்டே சொல்லக் காத்திருந்தாள். இங்கே கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் சொல்லாமலிருக்கக் காத்திருக்கிறார். ஏனென்றால் அந்தச் சாப்பாட்டு மேஜையோ அந்த வீடோ யாருடையதாக இருந்தது என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. உண்மை சொன்ன சில ஊர்க்காரர்களுக்கு ஊர் வாழ இடமில்லாமல் செய்துவிட்டது. அஞ்சலிக் கூட்டத்துக்கு ஒத்துழைத்த நகர மேயர் அதே 2001-இல் பதவி விலக நேர்ந்தது.

இதை இலக்கியம் என்று ஏற்காதவர்கள் இருப்பார்கள். ரிப்போர்ட்டுக்கு எதற்கு நம் பக்கம் என்பார்கள். இந்தத் தரப்பு விவாதம் எனக்குச் சலித்துவிட்டது. பிகோன்டும் ஷ்ச்சென்ஸ்னாவும் சேர்ந்து ஷிம்போர்ஸ்காவைப் பற்றி எழுதிய வாழ்க்கை வரலாறு 1997-இல் வந்தது. கவிஞரைப் பற்றி எழுதத் தகுதி இருக்கிறவர்களுக்கு ஊரைப் பற்றி எழுத மட்டும் இல்லாமல் போகுமா? கேட்க வேண்டிய கேள்வி வேறு. உரிமைக்குப் போராடுகிறவன் 'எங்கள் ஜனங்கள்' என்று ஆரம்பிக்கிறான். அவர்களுக்காகப் பேசுகிறான், பேசியாக வேண்டும், வேறு யாரும் பேச மாட்டார்கள். அதே ஊரில் பத்திரிகை நடத்த உட்காரும்போது அந்த ஜனங்களில் ஒருவன் மற்றொருவன் நிலத்தைப் பிடுங்கியிருப்பது தெரிய வருகிறது. முன்பு லாக்கப்பில் அடிபட்டவனே அவனாக இருக்கலாம். எழுதினால் போலீஸுக்கு லாபம். எழுதாவிட்டால் அவன் பத்திரிகையும் இன்னொரு சர்க்கார் பத்திரிகை. இந்த நெருக்கடிக்குப் பிகோன்ட் கண்ட பதில் கொள்கை அல்ல, ஒரு வடிவம். நாட்குறிப்பில் தான் யார் பக்கம் என்பதை ஒளிக்காமல் வைத்தார். அறிக்கையில் அந்தப் பக்கத்துக்கு எந்தச் சலுகையும் தரவில்லை. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடவில்லை. நம் 'சார்புள்ள எழுத்து', 'சார்பற்ற எழுத்து' சர்ச்சைகளில் இந்த எளிய காரியம் யாருக்கும் தோன்றவில்லை என்பது ஆச்சரியம்.

நூலில் எனக்குக் குறையும் தெரிகிறது. மிக நீளம், சாட்சிகள் ஒருவர் மேல் ஒருவராக வந்து விழுகிறார்கள், நாட்குறிப்பில் சில இடங்களில் தனக்கு வந்த எதிர்ப்பையே சாட்சியம் போல அடுக்குகிறார். போராளியின் பழைய பழக்கம் அது. எதிர்ப்பு வந்தது என்பதாலேயே சொன்னது உண்மையாகிவிடாது என்பதை மற்றவர்களுக்குக் காட்டியவர் தனக்கு மட்டும் மறந்துவிடுகிறார். இருக்கட்டும்.

அரசின் தேசிய நினைவு நிறுவனம் விசாரணை நடத்தி 2002-இல் முடிவை வெளியிட்டது. கொல்லப்பட்டவர் குறைந்தது முந்நூற்று நாற்பது பேர். ஜெர்மானியர் தூண்டுதல் உண்டு. காரியத்தைச் செய்ததில் தீர்மானமான பங்கு உள்ளூர்ப் போலிஷ்காரர்களுடையது. விசாரணை நடந்துகொண்டிருந்தபோதே, அறுபதாம் வருஷ நினைவு நாளுக்காகப் பழைய கல்வெட்டை அகற்றிவிட்டுப் புதியதை வைத்தார்கள். ஜனாதிபதி க்வாஷ்னியெவ்ஸ்கி வந்து மன்னிப்புக் கேட்டார். ஊரார் பெரும்பாலும் வரவில்லை.

பழைய கல்லில், கெஸ்டாபோவும் ஹிட்லரின் போலீஸும் ஆயிரத்து அறுநூறு பேரை உயிரோடு கொளுத்தியதாக எழுதியிருந்தது. எழுவாய் இருந்தது, பொய். புதிய கல்லில், இந்த மண்ணில் சேர்ந்து வாழ்ந்த யெட்வாப்னெ யூதர்கள், ஆண்கள், பெண்கள், குழந்தைகள், இந்த இடத்தில் கொல்லப்பட்டு உயிரோடு எரிக்கப்பட்டார்கள் என்று போலிஷிலும் ஹீப்ருவிலும் இத்திஷிலும் எழுதியிருக்கிறது. யாரால் என்று எந்த மொழியிலும் இல்லை.